முழங்காலுக்கு முன்னால் இரண்டடி

கயாக்கில் உட்கார்ந்து காலை நீட்டினால் முழங்காலுக்கு முன்னால் ஒரு இரண்டடி இடம் இருக்கும். கை நீட்டினால் தொட்டுவிடலாம், அதற்கு அப்பால் எட்டாது. இந்தப் பதிவு முழுக்க அந்த இரண்டடியைப் பற்றித்தான். இப்போ மீன்பிடி கயாக் வைத்திருக்கிறவர்கள் அந்த இடத்தில் கேமராவை மாட்டுகிறார்கள். எங்கே மாட்டுவது, எப்படி மாட்டுவது, படகில் ஓட்டை போடலாமா கூடாதா என்று மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒண்ணுதான். இந்தச் சண்டை புதுசே இல்லை. பல நூறு வருஷமா அதே இரண்டடிக்குத்தான் மல்லுக்கட்டு. சாமான்தான் மாறியிருக்கிறது.

கிரீன்லாந்தில் ஆரம்பிப்போம், ஏன்னா கயாக்கே அந்தப் பக்கத்துச் சரக்கு. இனூயிட் மக்களின் 'கயாக்' நம்ம ஊர் படகு மாதிரி கடையில் வாங்கி ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. தையல்காரர் அளவெடுத்துச் சட்டை தைக்கிற மாதிரி, ஓட்டுகிறவனின் உடம்பை வைத்து அளவெடுத்துக் கட்டுவது. நீளம் அவன் உயரத்தில் ஏறக்குறைய மூணு மடங்கு. அகலம் அவன் இடுப்பு, அதோடு இரண்டு கைமுட்டி. ஆகமொத்தம் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், அரை மீட்டர் அகலம். மரமே முளைக்காத ஊரில் கடல் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கும் கட்டைதான் சட்டகம். ஆணி கிடையாது, எல்லாம் தோல்வாரால் கட்டு. மேலே சீல் தோல் போர்த்து. அந்தத் தோலைத் தைப்பது பெண்கள் வேலை. ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வராமல், தோலின் பாதி தடிமனிலேயே திரும்பிவிடும்படி தைப்பார்கள். அப்போதான் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் கசியாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஓட்டை போடக்கூடாது என்பது அங்கே உயிர் பிரச்சினை. ஊசி ஓட்டைக்கே இவ்வளவு யோசித்தவர்கள் தளத்தில் ஆணியா அடிப்பார்கள்? அதனால் மேல்தளத்தின் குறுக்கே தோல்வார்களை இழுத்துக் கட்டி, அதில் எலும்பிலோ தந்தத்திலோ செய்த மணிகளைக் கோத்துவிட்டார்கள். மணி இருப்பதால் வார் தளத்தோடு ஒட்டிப் படுக்காமல் கொஞ்சம் தூக்கி நிற்கும். சாமானை அதற்கு அடியில் சட்டென்று செருகலாம், சட்டென்று உருவலாம். ஒரு கையில் துடுப்பு இருக்கும்போது, பார்க்காமலே.

அந்த வார்களுக்கு அடியில், அந்த இரண்டடிக்குள்ளே, ஒரு வேட்டைக்காரனின் மொத்த ஆபீசும் இருக்கும். வலது கைப்பக்கம் ஹார்ப்பூன், அதாவது கயிறு கட்டிய எறியீட்டி. அதை வீச உதவும் நோர்சாக் என்கிற எறிகட்டை. நேர் எதிரே, குட்டி ஸ்டூல் மாதிரி காலுள்ள ஒரு வட்டத் தட்டு. மேற்குக் கிரீன்லாந்தில் அதற்குப் பேர் அசல்லுத். ஈட்டியின் கயிற்றைச் சுருட்டி அந்தத் தட்டில்தான் வைப்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவதாக். முழு சீல் தோலை உரித்து, காற்று ஊதி வாயைக் கட்டின மிதவை. கயிற்றின் ஒரு முனை ஈட்டித் தலையில், மறு முனை இந்த மிதவையில்.

வேலை செய்யும் விதம் இப்படி. ஈட்டி சீலின் உடம்பில் பாய்ந்ததும் அதன் தலை மட்டும் கழன்று உள்ளே குறுக்காகத் திரும்பி மாட்டிக்கொள்ளும். சீல் முங்கி ஓடும். தட்டில் இருக்கும் கயிறு சரசரவென்று உருவிக்கொண்டு போகும். கயிறு தீர்வதற்குள் வேட்டைக்காரன் பின்னால் கையை விட்டு மிதவையை எடுத்துத் தண்ணீரில் எறிந்துவிட வேண்டும். அப்புறம் சீல் இழுப்பது காற்றடைத்த பையை, கயாக்கை இல்லை. களைத்துப்போய் மேலே வரும்போது போய் முடித்துவிடலாம்.

எல்லாம் ஒழுங்கா நடந்தா! கயிறு ஒரு சுற்று கையிலோ துடுப்பிலோ தட்டின் காலிலோ மாட்டினால் அரை மீட்டர் அகலப் படகு ஒரு நொடியில் கவிழும். தண்ணீர் எப்படிப்பட்ட தண்ணீர் என்று சொல்ல வேண்டாம். கவிழ்ந்த கயாக்கைத் தலைகீழாக இருந்தபடியே உருட்டி நிமிர்த்தும் வித்தைக்கு இன்றைக்குப் போட்டியெல்லாம் நடக்கிறது. துடுப்போடு உருளுவது, எறிகட்டையை மட்டும் வைத்து உருளுவது, வெறுங்கையால் உருளுவது என்று ஏகப்பட்ட வகை. இத்தனை வகை எதற்கு? எந்தக் கை எதில் சிக்கிக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதே, அதற்குத்தான். அந்தத் தட்டு ஒரு ஸ்டாண்டு. 'மவுண்ட்' என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அதேதான். படகில் ஓட்டை போடாமல், கைக்கு எட்டுகிற இடத்தில், கயிறு சிக்காதபடி ஒரு பொருளை நிறுத்தி வைப்பது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கிரீன்லாந்து வேட்டைக்காரர்களுக்கு வந்த ஒரு விசித்திரமான கோளாறைப் பற்றி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரெட் பெர்டெல்சன் என்ற டேனிஷ் மருத்துவர் எழுதினார். கயாக் மயக்கம். புயலில் வருவதில்லை இது. காற்றே இல்லாமல் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும்போது, வெயில் கண்ணுக்கு நேரே அடிக்கும்போது, தனியாக அசையாமல் காத்திருக்கிறவனுக்கு வரும். வானமும் தண்ணீரும் ஒன்றாகிவிடும். எது மேலே எது கீழே என்று தெரியாது. படகில் தண்ணீர் ஏறுகிற மாதிரி, கவிழப்போகிற மாதிரி இருக்கும். துடுப்பை அசைக்கவே பயம். பக்கத்தில் இன்னொரு கயாக் வந்து நின்றால் தெளிந்துவிடும். ஒருமுறை வந்துவிட்டால் பலபேர் அதற்கப்புறம் தனியாகக் கடலுக்குப் போகவே மாட்டார்களாம். அந்த ஊரில் கடலுக்குப் போகாதவன் வீட்டில் அடுப்பெரியாது, விளக்கும் எரியாது. இரண்டுக்கும் சீல் கொழுப்புதான் எண்ணெய்.

அப்புறம் துப்பாக்கி வந்தது. அந்த இரண்டடியில் அதற்கும் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. சீல் தோலில் ஒரு நீளப் பை தைத்து, தளத்து வார்களுக்கு அடியில் செருகி, அதற்குள் துப்பாக்கி. உப்புத் தண்ணீர் படாது, கையை விட்டால் எடுத்துவிடலாம். ஆனால் துப்பாக்கிக்கு ஒரு எதிர்உதை உண்டு. பக்கவாட்டில் சுட்டால் சுட்டவனும் சேர்ந்து சாய வேண்டியதுதான். முன்பக்கம் பார்த்துச் சுடுவது உத்தமம். முன்பக்கம் நேராகப் போனால் சீல் பார்த்துவிடுமே? அதற்கு முனையில் வெள்ளைத் துணியில் ஒரு சின்னத் திரை கட்டினார்கள். பேர் தாலுதாக். தூரத்திலிருந்து பார்க்கிற சீலுக்கு ஒரு பனிக்கட்டி மிதந்து வருகிற மாதிரித்தான் இருக்கும். அதற்குப் பின்னால் ஆள்.

சரி, கேமராவுக்கு வருவோம்.

கயாக்கும் சினிமாவும் முதன்முதலில் உலகப் புகழோடு சேர்ந்தது 1922-ல் வெளியான 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்தில். எடுத்தவர் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி. கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரை, இன்றைக்கு இனுக்ஜுவாக் என்று அழைக்கப்படும் ஊர். முதலில் சில வருஷம் சுற்றி எடுத்த படச்சுருள் மொத்தமும், சுமார் 30,000 அடி, 1916-ல் டொரன்டோவில் அவர் கை சிகரெட் விழுந்து எரிந்துபோனது. ரெவியோன் ஃப்ரேர் என்ற தோல் வியாபாரக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு 1920-ல் திரும்பப் போய், ஒரு வருஷம் இருந்து மறுபடி எடுத்தார். கொண்டுபோனது இரண்டு அகேலி கேமராக்கள். அந்தக் கேமராவைக் கண்டுபிடித்த கார்ல் அகேலி அருங்காட்சியகத்துக்கு மிருகங்களைப் பாடம் செய்கிறவர். ஓடுகிற மிருகத்தை வழுக்கிக்கொண்டே போய்த் தொடரும்படி தலை திரும்பும் ஒரு கேமரா அவருக்குத் தேவைப்பட்டது. கடையில் கிடைக்கவில்லை, தானே செய்து 1915-ல் காப்புரிமை வாங்கினார்.

படத்தின் ஆரம்பத்தில் நானூக் கயாக்கில் வந்து கரை சேருவார். அப்புறம் அந்தக் குட்டித் துளைக்குள்ளிருந்து மனைவி, குழந்தை, இன்னும் ஒருத்தர், நாய்க்குட்டி என்று ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். இன்றைக்கும் சிரிப்பு வரும். மீன்பிடிக் காட்சியும் உண்டு. பனிக்கட்டிகளின் விளிம்பில் உட்கார்ந்து, தந்தத் துண்டை இரையாக ஆட்டிக் காட்டி, வருகிற மீனை ஈட்டியால் குத்துவது. எல்லாம் அழகு. ஆனால் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கேமரா எப்போதும் கயாக்குக்கு வெளியேதான். முக்காலியோடு அந்தக் கனமான பெட்டி அரை மீட்டர் அகலப் படகில் ஏறவே முடியாது. கயாக்கில் இருக்கிறவன் பார்க்கப்படுகிறவன். பார்க்கிறவன் வேறு ஆள்.

இது வெறும் கோணப் பிரச்சினை இல்லீங்க. நானூக்காக நடித்தவரின் உண்மைப் பெயர் அல்லக்கரியல்லக். அவரும் அந்த ஊர்க்காரர்களும் அந்தக் காலத்திலேயே துப்பாக்கி வைத்து வேட்டையாடினவர்கள். ஃபிளாஹெர்ட்டிக்கு ஹார்ப்பூன்தான் வேண்டும். வால்ரஸ் வேட்டைக் காட்சியில் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவர்கள் துப்பாக்கியால் சுடச் சொல்லிக் கத்தியபோது, காதில் விழாத மாதிரி கேமராவைச் சுற்றிக்கொண்டே இருந்ததை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். கரையில் நிற்கிறவனுக்கு அந்த வசதி உண்டு. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். படத்தைக் கழுவத் தண்ணீர் சுமந்தது, கேமராவைப் பிரித்து மாட்டியது எல்லாம் இனூயிட் ஆட்களே. அதாவது கருவி அவர்களுக்குப் புரியாத மாயம் எல்லாம் இல்லை. கயாக்கின் பக்கம் திருப்பப்பட்ட கருவி, கயாக்கிலிருந்து திருப்பப்படவில்லை, அவ்வளவுதான்.

கேமரா கயாக்குக்குள் ஏறின கதைக்கு நமக்கும் ஒரு ஒட்டு உறவு இருக்கிறது. ஓஸ்கார் ஸ்பெக் என்று ஒரு ஜெர்மன்காரர். எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர். உலகப் பொருளாதார மந்தத்தில் தொழில் போச்சு. 1932 மே மாதம் உல்ம் நகரத்தில், டான்யூப் ஆற்றில், ஒரு மடக்குக் கயாக்கை இறக்கிவிட்டுக் கிளம்பினார். மரச் சட்டகம், மேலே ரப்பர் பூசிய துணி. கழற்றி மூட்டை கட்டி ரயிலில் ஏற்றிவிடலாம். முதலில் சைப்ரஸ் போய்ச் செப்புச் சுரங்கத்தில் வேலை தேடுவதாகத்தான் திட்டம். போனவர் நிறுத்தவில்லை. யூப்ரட்டீஸ் ஆறு, பாரசீக வளைகுடா, இந்தியாவின் மேற்குக் கரை, இலங்கை, அப்புறம் நம்ம கிழக்குக் கரை, மதராஸ், கல்கத்தா, பர்மா, மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், நியூ கினி என்று ஏழு வருஷம். படகுக் கம்பெனி வழியில் புதுப் படகு அனுப்பிவைத்தது. ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றிச் செலவுக்குக் காசு தேற்றினார். 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சைபாய் தீவில் கரையேறினார். மாதத்தைப் பாருங்கள்! உலகப்போர் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மனுஷன் படகின் முன்னால் ஸ்வஸ்திகா கொடி வேறு. வந்து வரவேற்ற போலீஸ்காரர்கள் சாதனைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, எதிரி நாட்டுக்காரர் என்று கைது செய்தார்கள். போர் முடியும் வரை முகாம் வாசம்.

ஸ்பெக்கிடம் கேமரா இருந்தது. 16 மில்லிமீட்டர் சினிமாக் கேமராவும் பின்னால் சேர்ந்தது. அவருடைய படங்களும் ஆவணங்களும் சிட்னியில் ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் ஓடுகிற படகில் ஒரு கையில் துடுப்பும் ஒரு கையில் சாவி கொடுக்கும் கேமராவுமாக என்ன செய்ய முடியும்? மடக்குக் கயாக்கில் துடுப்பை விட்டால் அலை உங்களை எடுத்துக்கொள்ளும். கேமரா தண்ணீர் புகாத பெட்டிக்குள் படகின் வயிற்றில் பத்திரமாக இருக்கும், கரையேறினால் வெளியே வரும். கயாக்குக்குள் ஏறியாச்சு, கயாக்கின் மேல் இன்னும் ஏறவில்லை. அந்த இரண்டடியில் அவருக்குத் திசைகாட்டியும் கடல்படமும்தான் முக்கியம். ஏழு வருஷத்தில் அவர் கண்ட கடலில் பெரும்பகுதி எந்தச் சுருளிலும் இல்லை. நம்ம கரையோரம் துடுப்புப் போட்டு வந்தபோது எதிரே வந்த கட்டுமரக்காரர்கள் இந்தத் துணிப்படகைப் பார்த்து என்ன பேசிக்கொண்டார்களோ என்று நினைக்கும்போது எனக்கு அந்த இழப்பு ரொம்பவே உறைக்கும்.

கட்டுமரம் என்றதும் ஞாபகம் வருகிறது. இன்றைய மீன்பிடி கயாக் உண்மையில் இனூயிட் கயாக்கின் நேர் வாரிசு இல்லை. 1970-களின் ஆரம்பத்தில் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் டிம் நீமையர் என்ற இளைஞர் ஒரு சர்ஃப் பலகையைக் குடைந்து, உட்காரவும் முக்குளிக்கும் சாமான் வைக்கவும் இடம் பண்ணினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'மேலே உட்காரும்' கயாக். துளைக்குள் இடுப்பைச் செருக வேண்டாம், தளத்தின் மேலேயே உட்காரலாம். ஏறுகிற தண்ணீர் தளத்தில் இருக்கும் குழாய் ஓட்டைகள் வழியாகத் தானே கீழே இறங்கிவிடும். கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறி இறங்கும் கட்டுமரத்தில் உட்கார்ந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை. மூழ்குவதற்கு அதில் 'உள்ளே' என்று ஒன்று கிடையாது :-)

இந்தப் புதுக் கயாக் பாலிஎத்திலீன். அச்சுக்குள் பிளாஸ்டிக் தூளைப் போட்டுச் சுழற்றிச் சுழற்றிச் சூடு காட்டிச் செய்வது. நம்ம மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் செய்கிற அதே முறை. டேங்கில் எதையாவது ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை பிடிக்காது. ரப்பர் கிண்ணத்தை அமுக்கி ஒட்டவைக்கலாம் என்றால் சொரசொரப்பான தளத்தில் கொஞ்ச நேரத்தில் காற்றுப் புகுந்து விட்டுவிடும். அப்புறம் ஓட்டை போட்டு ரிவெட் அடிப்பது ஒன்றுதான் வழி. வாங்கின படகில் துளை போட யாருக்குத்தான் மனசு வரும்? சீல் தோல் தைத்த பெண்களுக்கு இருந்த கவலை அப்படியே திரும்பி வந்துவிட்டது பாருங்கள். வழி கண்டுபிடித்தவர்கள் செய்ததும் பழைய வேலைதான். படகின் ஓரத்தில் ஒரு அலுமினியத் தண்டவாளத்தை ஒரே ஒரு தடவை பொருத்திவிடுவது. மேல்வாய் குறுகி உள்ளே அகன்ற பள்ளம். அதற்குள் போல்ட் தலையை நுழைத்து, வேண்டிய இடத்துக்குத் தள்ளி, திருகி இறுக்கலாம். வேண்டாமென்றால் உருவிவிடலாம். யாக்அட்டாக் என்ற அமெரிக்கக் கம்பெனி இதையே தொழிலாக எடுத்து நடத்துகிறது. தோல்வாரும் தந்த மணியும் செய்த வேலையை அலுமினியம் செய்கிறது. அதன் மேல் ராம் மவுண்ட் வகை ரப்பர் உருண்டை. ஓர் அங்குல உருண்டையை இரண்டு பக்கமும் கவ்வும் ஒரு கை, நம்ம தோள்மூட்டு மாதிரி எப்படி வேண்டுமானாலும் திரும்பும். ரப்பராக இருப்பதால் அதிர்வையும் கொஞ்சம் விழுங்கும்.

கை காலியானதும் ஒரு முக்கியமான விஷயம். 1997-ல் ஹோபி கம்பெனி காலால் மிதித்து ஓட்டும் மிராஜ் டிரைவ் கயாக்கைக் கொண்டுவந்தது. அடியில் பெங்குவின் சிறகு மாதிரி இரண்டு துடுப்புகள் அசையும். பல நூறு வருஷத்தில் முதன்முறையாகக் கயாக்காரனுக்கு ஓடிக்கொண்டே இரண்டு கையும் சும்மா இருந்தன. ஒன்றில் தூண்டில், இன்னொன்று?

இன்னொன்றுக்கு ஆள் தயாரானது வேறு இடத்தில். நிக் வுட்மன் 2002-ல் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அலைச்சறுக்கப் போனபோது, சர்ஃப் பலகையின் கால்கயிறையும் ரப்பர் பேண்டையும் வைத்துக் கேமராவை மணிக்கட்டில் கட்டிப் பார்த்தார். 2004-ல் கோப்ரோவின் முதல் 'ஹீரோ' வந்தது. அது 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமரா என்று சொன்னால் இன்றைக்குப் பலபேர் நம்ப மாட்டார்கள். 2006-ல் டிஜிட்டல், ஒரு வீடியோவுக்குப் பத்து வினாடி. 2009-ல் முழு ஹெச்டி. உள்ளங்கைக்குள் அடங்கும், தண்ணீர் புகாத கூடு, 170 டிகிரி வரை விரிந்த பார்வை. அந்த விரிந்த பார்வைதான் விசேஷம். குறி பார்க்க வேண்டாம், யாரும் பின்னால் நிற்க வேண்டாம். மாட்டிவிட்டு மறந்துவிடலாம். ஃபிளாஹெர்ட்டி நின்ற இடம் காலியானது அப்போதுதான்.

எங்கே மாட்டுவது? இங்கே வந்தால் கிரீன்லாந்துப் பாடம் வரிசையாகத் திரும்ப ஓடும். முனையில், ஆளைப் பார்த்த மாதிரி மாட்டினால் முகமும் மீனும் சேர்ந்து விழும். ஆனால் கை எட்டாது. கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் அன்றைய படம் முழுக்க அந்தச் சொட்டுதான். (கண்ணாடியை நாக்கால் நக்கிவிடுவது அலைச்சறுக்குக்காரர்களின் பழைய வழக்கம். எச்சில் படிந்தால் தண்ணீர் முத்தாக நிற்காமல் வழிந்துவிடும். நாகரிகம் பார்க்கிறவர்கள் வேறு வழி தேடலாம்.) இருக்கைக்குப் பின்னால் உயரக் கம்பம் நட்டு மாட்டினால் தோளுக்கு மேலிருந்து எல்லாம் தெரியும். ஆனால் தூண்டிலைப் பின்னுக்கு ஓங்கி வீசும்போது நூல் கம்பத்தில் சுற்றிக்கொள்ளும். ஹார்ப்பூன் கயிறு தட்டின் காலில் மாட்டுகிற அதே விவகாரம்தான், உயிருக்கு ஆபத்து குறைவு. கம்பம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆட்டமும். படகு ஒரு விரற்கடை சாய்ந்தால் உச்சி ஒரு சாண் போகும். அதனால் கடைசியில் பெரும்பாலோர் அந்த இரண்டடிக்கே வந்து சேர்கிறார்கள். முழங்காலுக்கு முன்னால், கொஞ்சம் ஓரமாக, துடுப்பு வீச்சுக்கு உள்ளே, கைக்கு எட்டும்படி.

விழுந்தால் மூழ்காமலிருக்கக் கேமராவின் முதுகில் ஆரஞ்சு நிற நுரைக்கட்டை ஒட்டுகிறார்கள். கூடவே ஒரு கயிறு. அவதாக் ஞாபகம் வருகிறதா?

கயாக் மயக்கம் என்று மேலே சொன்னேனே, அதுகூடக் கேமராவுக்கு வந்தது. படகு ஆடினால் படத்தில் படகு ஆடாது. கேமரா படகோடு கட்டப்பட்டிருப்பதால் படகு அசையாமல் நிற்க, கடலும் வானமும்தான் எழும்பி எழும்பி விழும். சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குக் குமட்டும். 2018-ல் வந்த ஹீரோ 7-ல் ஆட்டத்தைக் குறைக்கும் கணக்கு நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. அடுத்தடுத்த மாடல்களில் தொடுவானக் கோட்டைத் தானே நேராக்கிக்கொள்ளும் வசதியும் வந்தது. கண்ணாடிக் கடலில் தொடுவானம் தொலைந்து தவித்த வேட்டைக்காரனுக்கு இப்படி ஒரு பொத்தான் கிடைத்திருந்தால்!

சரி, இவ்வளவு மெனக்கெட்டு என்னத்துக்கு? பெருமைக்குத்தானே என்று கேட்கலாம். பாதி அதுதான், மறுக்கவில்லை. மீதிப் பாதியில் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கும் போட்டிகளில் முன்பெல்லாம் பிடித்த மீன்களை எடை போட்டுச் செத்த மீனாகத்தான் கொண்டுபோவார்கள். 1972-ல் ரே ஸ்காட் என்பவர் நடத்திய பாஸ் சங்கம், மீனை உயிரோடு கொண்டுவந்து எடை போட்டுவிட்டுத் திரும்ப விடும் முறையை ஆரம்பித்தது. பெரிய மோட்டார் படகில் அதற்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கலாம். கயாக்கில் எங்கே வைப்பது? அதனால் கயாக் போட்டிகளில் மீனே மேடைக்கு வருவதில்லை, படம்தான் வருகிறது. பிடித்த மீனை அளவுப் பலகையில் இடது பக்கம் தலை வைத்துக் கிடத்தி, மூக்கு முட்டும்படி வைத்து, அன்றைய போட்டிக்கென்று கொடுத்த அடையாளக் குறியீடும் தெரியும்படி ஒரு படம். உடனே மீன் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். எடை கிடையாது, நீளம் மட்டுமே. கயாக்கின் சின்ன உடம்புதான் இந்த முறையைக் கட்டாயமாக்கியது, மீனுக்கும் அதுவே நல்லதாக முடிந்தது.

எடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 செப்டம்பரில் ஓஹையோவின் கிளீவ்லாந்தில் ஒரு வால்ஐ மீன் போட்டி. மோட்டார் படகுக்காரர்கள் போட்டி அது. முதலிடம் பிடித்த ஜோடியின் மீன்கள் பார்வைக்குச் சின்னது, எடைக்குப் பெரியது. நடத்துனர் அங்கேயே வயிற்றைக் கிழித்தார். உள்ளே ஈயக் குண்டுகள்! சுற்றி நின்றவர்களின் செல்போனில் எல்லாம் பதிவு. இரண்டு பேரும் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து நாள் உள்ளே போய்வந்தார்கள். நீளத்தை அளக்கும் பலகையில் ஈயத்தை வைத்து என்ன பண்ண முடியும்?

சாட்சி என்றால் இதையும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம், ஹவாயில் ஓஹு தீவின் குவாலோவா பக்கம், கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிக் கயாக்கில் ஒருவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தமே இல்லாமல் படகு வருகிற மாதிரி ஒரு இரைச்சல். நிமிர்ந்து பார்த்தால் பழுப்பாக ஏதோ பெரிசு. ஆமை என்று நினைத்தாராம். இடிக்கும் நேரத்தில் இடது காலை நீட்டித் தள்ளிவிட்டார். பின்னால் படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வந்தது புலிச்சுறா, வாயைப் பிளந்துகொண்டு கயாக்கைக் கடிக்கவே வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் முன்னால் அந்தப் பக்கம் அடிபட்ட ஒரு சீலைப் பார்த்ததாகவும், அதை அடித்த சுறாவே திரும்பி வந்து கயாக்கைச் சீல் என்று நினைத்திருக்கும் என்றும் அவர் ஊகம். சீல் தோல் போர்த்தித் தொடங்கிய படகு, சுறாவின் கண்ணுக்கு இன்னும் சீல்தான் போல.

அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். கரையில் நின்று யாரும் அதை எடுத்திருக்க முடியாது, மறுபடி ஒருமுறை வா என்று சுறாவிடம் சொல்லவும் முடியாது. ஒரு நொடிதான். தொடுவானம், மீன்காரரின் கால், வாய், அலறல், அப்புறம் வெறும் கடல். நானூக்கின் மீன்பிடிக் காட்சிக்கும் இதற்கும் நடுவே நூறு வருஷம். அழகு என்று பார்த்தால் ஃபிளாஹெர்ட்டி எங்கேயோ இருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் கயாக்கில் இருக்கிறவனுக்கு என்ன தெரிகிறது, எவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்பதை நான் இந்த ஹவாய்ப் படத்தில்தான் பார்த்தேன்.

கிரீன்லாந்தின் வடமேற்கு மூலையில் கானாக் என்ற ஊர்ப்பக்கம் இன்றைக்கும் நார்வால் வேட்டை கயாக்கில்தான். நார்வாலுக்குக் காது ரொம்பக் கூர்மை, மோட்டார் சத்தம் கேட்டால் ஓடிவிடும். சுடுவதற்கு முன்னால் ஹார்ப்பூனால் குத்தி மிதவையை மாட்டியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி, இல்லையென்றால் சுட்ட மிருகம் மூழ்கி வீணாகிவிடும். அதனால் அவர்களுடைய கயாக்கின் முன்தளத்தில் இன்னும் அதே தட்டு இருக்கிறது, அதே மாதிரி சுருட்டி வைத்த கயிறோடு.